ஈரம் ஏறாத உப்பு

"பூட்டு பூட்டினபடியே இருக்கு. சாவி என் கழுத்தை விட்டு இறங்கலை. உள்ளே வச்ச படத்தை மட்டும் காணோம். இப்போ மணி ரெண்டரை. நாலு மணிக்கு அந்த அதிகாரி வந்து நிப்பா. என்ன செய்யப் போறீங்க மேஸ்திரி?"

ஐர்லிஸ் அம்மாள் மூச்சு விடாமல் கேட்டுவிட்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கிய சாவியைத் தூக்கிக் காட்டினாள். எழுபத்திரண்டு வயது. ஆள் துடைப்பக்குச்சி போல இருந்தாலும் குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போகும்.

இத்வால் ப்யூ கைத்தடியை ஊன்றி எழுந்தார். முதலில் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

அவர் துப்பறிகிறவராகப் பிறந்தவர் இல்லை. ஐம்பது வருஷம் கொத்தனார் வேலை. முழங்கால் இரண்டும் போன பிறகுதான் கரணையைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் ஊர் விடவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் எந்த வீட்டில் எது காணாமல் போனாலும், எந்தச் சுவர் அதை விழுங்கியிருக்கும் என்று சொல்லக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். மனுஷனை நம்ப மாட்டார். காகிதத்தை அதைவிட நம்ப மாட்டார். கல்லை நம்புவார், அதுவும் இரண்டு தடவை தட்டிப் பார்த்த பிறகு.

"மேஸ்திரி சுவரோட பேசி முடிக்கட்டும், நாம மனுஷங்க பேசுவோம்," என்றாள் நெஸ்டா. பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். இப்போது பழைய ரொட்டி வண்டியில் இத்வாலை ஏற்றிக்கொண்டு சுற்றுகிறாள். அறுபது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கியவளுக்கு ஒரு கிழவர் எம்மாத்திரம். "என்ன படம்க்கா அது?"

"வீட்டுப் படம். இந்த வீடு கட்டின காலத்துல ஆட்டுத்தோல்ல வரைஞ்சது. இந்த மேல் வீடும் அந்தக் கீழ் வீடும் ஒரே வீடுதான்னு அதுல இருக்கு."

"நீங்க பார்த்தீங்களா?"

"எனக்குக் கோடெல்லாம் என்ன தெரியும்? அப்பா சொன்னார்."

இத்வால் சுவரை விட்டுத் திரும்பினார். "அப்பா பார்த்தாரா?"

"அவருக்கு அவங்க அப்பா சொன்னார்."

இத்வால் மூக்கால் ஒரு சத்தம் விட்டார். ஆட்டுத்தோலும் அவருக்குக் காகிதம்தான்.

விவகாரம் இதுதான். டோல்வெர்னென் என்ற அந்த மாளிகை ஒன்று அல்ல, இரண்டு. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தகப்பன் நிலத்தை இரண்டு மகன்களுக்கும் சரிபாதியாகக் கொடுத்தான். ஒருத்தன் கூரைக்குக் கீழே இன்னொருத்தன் படுக்க மாட்டேன் என்றான். ஆளுக்கு ஒரு கல் வீடு கட்டினார்கள். ஆனால் இரண்டு வீட்டையும் ஒரு மூலையில் மட்டும் ஒட்டவைத்துக் கட்டினார்கள். மழையில் இரண்டு மாடு தோளை உரசிக்கொண்டு, முகத்தை ஆளுக்கு ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. நடுவில் கதவு கிடையாது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டுமானால் மழையில் நனைந்துகொண்டு முற்றத்தைச் சுற்றித்தான் போக வேண்டும்.

மேல் வீடு ஐர்லிஸ் அம்மாளுடையது. கீழ் வீட்டில் அவள் பெரியப்பா மகன் இத்தெல் இருக்கிறார். ஆனால் பத்திரம் பர்மிங்காமில் இருக்கும் அவருடைய தம்பி மகன் பேரில். அந்தப் பையன் கீழ் வீட்டை கிளேட்டன் என்ற செஸ்டர்காரனுக்கு விற்கப் பார்க்கிறான். கிளேட்டன் உள்ளே எல்லாவற்றையும் இடித்துவிட்டு, நீச்சல் குளம் கட்டி, கோடைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடப் போகிறான். அரசாங்க அதிகாரி இன்றைக்கு வந்து சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: இது ஒரே வீடா, இரண்டு வீடா? ஒரே வீடு என்றால் ஐர்லிஸ் அம்மாள் கையெழுத்து இல்லாமல் பாதியை யாரும் விற்க முடியாது. இரண்டு வீடு என்றால் திங்கட்கிழமை கையெழுத்து. செவ்வாய்க்கிழமை இத்தெல் கையில் ஒரு பெட்டியோடு, கடற்கரை ஊரில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கு.

"இத்தெல் போனா உங்களுக்கு என்னக்கா?" என்று நெஸ்டா வேண்டுமென்றே கிண்டினாள். "நீங்க ரெண்டு பேரும்தான் பேசறதே இல்லையே."

"எனக்கென்ன? அந்த ஆள் போனா போகட்டும். என் ஜன்னலுக்குக் கீழே செஸ்டர்காரங்க துணி இல்லாம குதிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

சொல்லும்போது ஜன்னல் வழியாகக் கீழ் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தாள். இத்வால் அவளைப் பார்த்தார்.

இருபத்தாறு வருஷமாக அவர்கள் பேசவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். ஐர்லிஸின் அப்பா இறந்தபோது, அடக்கம் முடிந்து வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டாள். நீலப்பூத் தட்டுகளில் பன்றித் தொடைக்கறி மெல்லிசாக வெட்டி வைத்தாள். இத்தெல் தன் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, நாற்பது பேர் முன்னால் சொன்னார்: "கறி நல்லா இருக்கு ஐர்லிஸ். கறிக்கு ஊடாலயே தட்டோட பூ தெரியுது." அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய வாய்.

"அலமாரியைத் திறங்க," என்றார் இத்வால்.

அலமாரி என்பது மூலைச் சுவரில் குடைந்த ஒரு மாடம். முன்னால் கனத்த ஓக் கதவு. பக்கத்தில் ஒரு பழைய கணப்படுப்பு, அதன் வாயில் காக்கை கூட்டுக் குச்சிகள் சரிந்து கிடந்தன. அறை ஐஸ் பெட்டி போலக் குளிர்ந்தது. சுவரில் ஒட்டிய பூக்காகிதம் ஈரத்தில் உரிந்து, கன்றுக்குட்டி நாக்கு மாதிரித் தொங்கியது.

உள்ளே இரண்டு தட்டு. மேல்தட்டில் பைபிள், அப்பாவின் மூக்குக்கண்ணாடி, மூடியில்லாத ஒரு மர உப்புக் கிண்ணம். கீழ்த்தட்டில் நீலப்பூ போட்ட ஒரு காலிப் பீங்கான் தட்டு மட்டும்.

"நேத்து ராத்திரி படத்தை எடுத்துத் தூசி தட்டி, இங்கேதான் வச்சுப் பூட்டினேன். மத்தியானம் பார்த்தா இல்லை. அந்த கிளேட்டன்தான்! காலையில போன் பண்ணணும்னு வந்து இந்த அறையில அஞ்சு நிமிஷம் தனியா நின்னான்."

"திருடறவன் திருடிட்டு ஓடுவான்," என்றார் இத்வால். "பூட்டை மறுபடி பூட்டிட்டுப் போறவன் சம்பளம் குடுத்தாலும் கிடைக்க மாட்டான்."

இரண்டு விரலால் உப்பைக் கிள்ளி எடுத்து உயர்த்தி விட்டார். உப்பு மணல் மாதிரிச் சரசரவென்று கொட்டியது. மறுபடி கிள்ளினார். மறுபடி கொட்டியது.

"சமையலா பண்ணப் போறீங்க மேஸ்திரி?" என்றாள் நெஸ்டா.

"உன் வீட்டு உப்பு இப்படிக் கொட்டுமா?"

"என் வீட்டு உப்பா? அடுப்புக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து அழுதுகிட்டு இருக்கும். கரண்டியால குத்தித்தான் எடுக்கணும்."

"இது அக்டோபர் மாசம். மூணு வாரமா மழை. அம்மா, இந்த அறையில கடைசியா நெருப்புப் போட்டது எப்போ?"

"அப்பா இறந்த வருஷம்."

"இருபத்தாறு வருஷமா நெருப்பு இல்லாத அறையில இந்த உப்பு மட்டும் எப்படிக் காஞ்சு கிடக்கு?"

ஐர்லிஸ் அம்மாள் கிண்ணத்தை உள்ளே தள்ளி வைத்தாள். "நல்ல உப்பு," என்றாள்.

இத்வால் காலித் தட்டைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. மோந்து பார்த்தார். சவுக்காரம் மணத்தது. "இதுல என்ன இருந்தது?"

"பாரா ப்ரித், திராட்சை போட்ட ரொட்டி. ரெண்டு துண்டு. எலி தின்னிருக்கும்."

"ரொட்டியை எலி தின்னிருக்கும். சரி. தட்டைச் சவுக்காரம் போட்டுக் கழுவினது யாரு?"

"சுத்தமான எலி," என்றாள் நெஸ்டா. "அக்கா, அதை எனக்குக் குடுங்க. என் வீட்டுக்காரருக்குப் பதிலா வச்சுக்கறேன்."

இத்வால் கைத்தடியை உள்ளே விட்டு அலமாரியின் பின்பலகையைத் தட்டினார். கல் மேல் அடித்த பலகை மாதிரிக் கேட்கவில்லை. டொக் என்றது.

"அங்கே தட்டாதீங்க!" என்று ஐர்லிஸ் அம்மாள் பாய்ந்து கதவைச் சாத்தினாள். "அப்பா காலத்துப் பலகை. உடைஞ்சுடும்."

கன்னம் இரண்டும் சிவந்துவிட்டது. இத்வால் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். குல்லாவை எடுத்துத் தலையில் மாட்டினார்.

வெளியே மழை சாய்வாக அடித்தது. வாசலில் கிளேட்டன் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பளபளவென்று புது மழைக்கோட்டு. வேலை செய்கிறவன் கோட்டு அப்படிப் பளபளக்காது.

"வந்துட்டீங்களா மேஸ்திரி? ஏதோ படம் தொலைஞ்சு போச்சாமே. பாவம்."

"யார் சொன்னா உங்களுக்கு?" என்றாள் நெஸ்டா.

"அந்த அம்மா கத்தினது செஸ்டர் வரைக்கும் கேட்டுதே."

"அப்போ நீங்க அங்கேயே நின்னு கேட்டிருக்கலாம். மழையில நனைய வேண்டாம் பாருங்க."

இத்வால் அவனைக் கடந்து போய், கைத்தடியால் சுவரை அளந்தார். வாசல் நிலையிலிருந்து மூலை வரைக்கும் ஏழு தடி. அந்த இடத்தில் அலமாரி இருக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தார். ஐர்லிஸ் அம்மாளின் புகைபோக்கியில் காக்கை உட்கார்ந்திருந்தது. அதற்கு அரைத் தடி தள்ளி, மூலைக்கு அந்தப் பக்கம் கீழ் வீட்டுப் புகைபோக்கி. அதிலிருந்து புகை கெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது.

"அலமாரிக்கு முதுகுப் பக்கம் யாரோ அடுப்பு மூட்டறான்," என்றார்.

"அதான் உப்பு காஞ்சு கிடக்கா?"

"அதான் தட்டும் சூடா இருக்கு. வா, எலியைப் பார்ப்போம்."

இத்தெல் கதவைத் திறந்தபோது அவர் கையில் சுத்தியல் இருந்தது. எழுபத்தைந்து வயது. சட்டைப் பொத்தான் ஒன்று கூட நேர் ஓட்டையில் இல்லை. வீடு மட்டும் கதகதப்பாக இருந்தது. ஒரு ஆள் உள்ளே போய் உட்காரலாம் போன்ற பெரிய கல் அடுப்பு. அடுப்பின் வலப்பக்கச் சுவரில் ஒரு மர உப்புப்பெட்டி தொங்கியது.

"உட்காருங்க மேஸ்திரி. நெஸ்டா, நீயும் உட்காரு. ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு மூணு வாரம் ஆச்சு. இப்பத்தான் அடைச்சேன். இனிமே காத்து வராது."

இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். நெஸ்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜன்னல் சட்டத்தில் நாலு பக்கமும் செருப்பாணி அடித்து, மஞ்சள் நிறத்தில் ஒரு தோல் விறைப்பாக நின்றது. வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்று அதன் மேல் வெண்ணெய் வேறு தடவியிருந்தார் மனுஷன். வெளியே மேகம் கொஞ்சம் விலக, தோலில் கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. சுவர்கள். ஜன்னல்கள். படிக்கட்டு. ஓரத்தில் சுருட்டிச் சுருட்டி எழுதிய எழுத்து.

"இது எங்கே கிடைச்சுது அண்ணே?" என்றாள் நெஸ்டா, குரலை அடக்கிக்கொண்டு.

இத்தெல் காதைச் சொறிந்தார். "கிடைச்சுது."

"உப்புப்பெட்டிக்குப் பின்னாலயா?" என்றார் இத்வால்.

கிழவர் சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து போய் உப்புப்பெட்டியை ஆணியிலிருந்து கழற்றினார். பின்னால் ஒரு பலகை. அதைப் பக்கவாட்டில் தள்ளினார். கல்லுக்குள் ஒரு சதுரப் பொந்து. பொந்துக்கு அந்தக் கோடியில் ஐர்லிஸ் அம்மாளின் அலமாரி. மேல்தட்டில் பைபிள், கீழ்த்தட்டில் காலித் தட்டு.

"முன்பக்கம் சிறைச்சாலைப் பூட்டு, பின்பக்கம் பொதுவழி," என்று முணுமுணுத்தாள் நெஸ்டா.

"சனிக்கிழமை சனிக்கிழமை கீழ்த்தட்டுல ரொட்டி இருக்கும்," என்றார் இத்தெல். "சில நாள் சூப்பு. ஒருதடவை கம்பளி உறை பின்னி வச்சிருந்தா, காலுக்கு. மேல்தட்டை நான் தொட மாட்டேன், அது அவளோடது. கீழ்த்தட்டு என்னோடது. யாரும் சொல்லலை. அப்படித்தான். இன்னிக்குக் காலையில ரொட்டிக்குப் பக்கத்துல இந்தத் தோல் சுருட்டி இருந்தது. பிரிச்சு ஜன்னல்ல வச்சுப் பார்த்தேன். அளவு எடுத்த மாதிரி இருந்தது. என் ஜன்னல் உடைஞ்சதை அவ அங்கேருந்து பார்த்திருக்கா. பேச்சுதான் இல்லையே தவிர கண்ணு இருக்கேன்னு நினைச்சேன்."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. நெஸ்டா கிண்டலை விட்டுவிட்டு, சட்டத்தில் பிதுங்கிய ஒரு ஆணியை விரலால் அமுக்கினாள்.

ஐர்லிஸ் அம்மாள் பதற்றத்தில் படத்தை மேல்தட்டில் வைப்பதாக நினைத்துக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டாள். அவ்வளவுதான் திருட்டு.

"படம் கிடைச்சாச்சு," என்றாள் நெஸ்டா. "மணி மூணே கால். கழட்டி வெண்ணெயைத் துடைச்சு அதிகாரி கையில குடுத்துட்டா முடிஞ்சுது."

இத்வால் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் மூக்கு தொடுமளவுக்கு நின்றார். எழுத்து அவருக்கு வராது. கோடு வரும். மேல் வீட்டை விரலால் தொட்டார். கீழ் வீட்டைத் தொட்டார். இரண்டும் ஒட்டுகிற மூலையில் விரல் நின்றது.

அங்கே கெட்டியான கறுப்புக் கோடு. இடைவெளி இல்லை. பொந்து இல்லை.

"இந்தப் படம் ரெண்டு வீடுன்னு சொல்லுது," என்றார்.

"என்னது?"

"கட்டினப்போ படக்காரன் போட்டது. அண்ணனும் தம்பியும் நின்னு சொன்னபடி போட்டிருக்கான். நடுவுல எலி கூட நுழையக் கூடாதுன்னு சொல்லியிருப்பானுங்க. இதை அதிகாரி கையில குடுத்தா கிளேட்டன் அவளுக்குப் பூச்செண்டு குடுப்பான்."

நெஸ்டா அடுப்பைப் பார்த்தாள். "நெருப்பு நல்லா எரியுது மேஸ்திரி."

"நான் கல்லுக்குப் பொய் சொன்னதில்லை. தோலுக்கும் சொல்ல மாட்டேன். இருக்கட்டும் அங்கேயே."

அவர் பொந்துக்குள் கையை விட்டுத் தடவினார். மேலே தடவினார், பக்கத்தில் தடவினார், கீழே தடவினார். கீழே தடவும்போது கை நின்றது. முகத்தில் ஒரு மாறுதல் வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தத் தெருவில்தான் இருந்தது.

"இத்தெல், அதிகாரி கேட்டா வாராவாரம் இது வழியா வாங்கறேன்னு சொல்லுவியா?"

"அவ சொன்னா நானும் சொல்லுவேன்."

"அந்த அம்மா சொல்லாட்டி?"

"ஒரு பொம்பளையை நாலு பேர் முன்னால ஒரு தடவை அவமானப்படுத்தினேன். இருபத்தாறு வருஷம் ஆச்சு. இன்னொரு தடவை மாட்டேன். முதியோர் இல்லத்துலயும் அடுப்பு இருக்கும்."

மேல் வீட்டில் ஐர்லிஸ் அம்மாளும் அதே பிடிவாதம். இத்வால் விஷயத்தை நேராகச் சொன்னார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"எலிதான்."

"அம்மா, நான் எலியோட பேசிட்டு வர்றேன். அது எழுபத்தஞ்சு வயசு எலி. உங்க கையால பின்னின உறை போட்டிருக்கு."

"ஊர்ல என்ன சொல்லுவாங்க? இருபத்தாறு வருஷம் வீறாப்பா இருந்துட்டு, திருட்டுத்தனமா ரொட்டி குடுத்தான்னு சிரிப்பாங்க. ஞாயித்துக்கிழமை சேப்பல்ல தலை நிமிர்ந்து உட்கார முடியுமா நான்? மாட்டேன்."

"அப்போ செவ்வாய்க்கிழமை உங்க உப்பு ஈரமாயிடும்," என்றார் இத்வால்.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அதிகாரி வந்துவிட்டாள். மிஸ் ப்ராஸர். முப்பது வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கக்கத்தில் ஒரு கோப்பு. வந்ததும் வராததுமாகக் கீழ் வீட்டு ஜன்னல் அவள் கண்ணில் பட்டது.

"ஐயோ! இது தோல்! நானூறு வருஷத்துத் தோல்! இது மேல என்ன தடவியிருக்கு?"

"வெண்ணெய்," என்றார் இத்தெல். "உப்புப் போட்டதுதான்."

அந்தப் பெண் கண்ணை மூடித் திறந்தாள். அதற்குள் கிளேட்டன் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டான். அவனுக்கும் கோடு படிக்க வரும். முகம் பூரித்துவிட்டது.

"மேடம், பாருங்க! மூலையில வழியே இல்லை. தனித்தனி வீடு. அவங்க படமே சொல்லுது. எழுதிக்கங்க."

மிஸ் ப்ராஸர் படத்தை உற்றுப் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள்.

"படம் போட்டவன் அடுப்படிக்குள்ள போனவன் இல்லை," என்றார் இத்வால். "இங்கே வாங்கம்மா."

உப்புப்பெட்டியைக் கழற்றிப் பலகையைத் தள்ளினார். கிளேட்டனின் பூரிப்பு பாதி வடிந்தது.

"மேல இருக்கிற கல்லைப் பாருங்க. இந்தப் பக்க முனையும் அந்தப் பக்க முனையும் ஒரே கல். சுவர் எழுந்த பிறகு இதை உள்ளே திணிக்க முடியாது. சுவர் கட்டும்போதே வச்ச கல். அண்ணன் தம்பி சண்டை போட்டானுங்க, படக்காரன் அவனுங்க பேச்சைக் கேட்டான். அவனுங்க பெண்டாட்டிங்க ரெண்டு பேரும் கொத்தனாரைத் தனியாக் கூப்பிட்டிருக்காங்க. ஒருத்தி வீட்டுல உப்பு தீர்ந்தா இன்னொருத்தி மழையில நனைஞ்சா போவா? இப்போ கீழே கையை வைங்க."

மிஸ் ப்ராஸர் கை வைத்தாள். பொந்தின் அடிக்கல் பலகைக்கல். அதன் நடுவில், ஒரு தட்டு அகலத்துக்கு, வழவழவென்று ஒரு பள்ளம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடியது.

"இது..."

"தட்டு இழுத்த பள்ளம். உளியால இப்படி வராது. வேணும்னா நான் உளி எடுத்துட்டு வர்றேன், நீங்க உட்கார்ந்து செஞ்சு பாருங்க. நானூறு வருஷம் ஆகும்."

அவள் தலையைப் பொந்துக்குள் விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குரல் உள்ளேயிருந்து வந்தது. "கட்டின காலத்து உள்வழி, ஆமாம். ஆனா படிவத்துல இன்னொரு கேள்வி இருக்கு. இன்னிக்கும் புழக்கத்துல இருக்கா?"

"இல்லவே இல்லை," என்றான் கிளேட்டன். உயிர் வந்துவிட்டது அவனுக்கு. "ரெண்டு பேரும் பேசியே இருபத்தாறு வருஷம் ஆச்சு. ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. செத்த வழி மேடம், செத்த வழி."

"மேஸ்திரி, நீங்க பார்த்தீங்களா?"

"காலித் தட்டைப் பார்த்தேன். போனதைப் பார்க்கலை."

"அப்போ இந்த வீட்டுக்காரங்க சொல்லணும். இல்லை நானே கண்ணால பார்க்கணும். ஐயா?"

இத்தெல் நெருப்பைப் பார்த்தார். "எனக்கு ஞாபகசக்தி குறைவு," என்றார்.

மிஸ் ப்ராஸர் மழையில் சுற்றிக்கொண்டு மேல் வீட்டுக்குப் போனாள். பின்னாலேயே எல்லோரும் போனார்கள், இத்தெலைத் தவிர. ஐர்லிஸ் அம்மாள் அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தப் பலகை இன்னும் திறந்தே இருந்தது. பொந்து வழியாகக் கீழ் வீட்டு நெருப்பின் வெளிச்சம் அவள் பாவாடை மேல் விழுந்தது. அந்தப் பக்கம் இத்தெலின் கால் தெரிந்தது. கம்பளி உறை போட்ட கால்.

"அம்மா, இந்த வழி புழக்கத்துல இருக்கா?"

ஐர்லிஸ் அம்மாள் அதிகாரியைப் பார்த்தாள். கிளேட்டனைப் பார்த்தாள். அவன் கையில் நாடா தயாராக இருந்தது. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, காலித் தட்டை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.

"பாருங்க மேடம்! பதிலே இல்லை," என்றான் கிளேட்டன்.

மிஸ் ப்ராஸர் பெருமூச்சு விட்டுப் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தாள்.

சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. கத்தி பலகையில் இறங்குகிற சத்தம். ஒரு தடவை. நிதானமாக இரண்டாவது தடவை. பேனா நின்றது.

ஐர்லிஸ் அம்மாள் திரும்பி வந்தாள். கையில் நீலப்பூத் தட்டு. தட்டில் பன்றித் தொடைக்கறி இரண்டு துண்டு. ஒவ்வொன்றும் பைபிள் கனம். யார் முகத்தையும் பார்க்காமல் நேரே அலமாரிக்குப் போய், கீழ்த்தட்டில் வைத்து, அந்தப் பள்ளத்தில் தள்ளிவிட்டாள். தட்டு வழுக்கிக்கொண்டு, தடுமாறாமல், பழகின பசு தொழுவத்துக்குப் போவது போல அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. கம்பளி உறைக் கால் எழுந்தது. தட்டை யாரோ வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி நிழல் ஆடியது.

பிறகு இத்தெலின் குரல் வந்தது.

"பூ தெரியலை."

ஐர்லிஸ் அம்மாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்துத் துரு அதில் இருந்தது.

"தெரியாது. தட்டைக் கழுவி அனுப்புங்க அண்ணா."

"எப்பவும் கழுவித்தானே அனுப்பறேன்?"

மிஸ் ப்ராஸர் பொந்துக்கு நேரே குனிந்தாள். "எப்பவும்னா, ஐயா?"

"சனிக்கிழமை சனிக்கிழமை," என்றன இரண்டு குரல்கள், சுவருக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில்.

அதிகாரி எழுதினாள். கிளேட்டன் நாடாவின் பொத்தானை அமுக்கினான். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

நெஸ்டா இத்வாலின் விலாவில் முழங்கையால் இடித்தாள்.

"மேஸ்திரி, எலி பேசுது."